நடுவில் வைத்த தீ

எந்தக் குழாயைப் பார்த்தாலும் அவர் முதலில் புறங்கையால்தான் தொடுவார். உள்ளங்கையால் தொடவே மாட்டார். உள்ளங்கைத் தோல் தடித்துப்போய்விட்டது, அது பொய் சொல்லும் என்பார். போடி பஸ் ஸ்டாண்டு டீக்கடை பாய்லரைக்கூட அவர் விட்டுவைத்ததில்லை. டீ மாஸ்டர் கத்துவார்.

"அண்ணே, கைய எடுங்க. பொத்துப் போகும்."

அதெல்லாம் இவர் காதில் விழாது. குழாயை இரண்டு மூன்று இடத்தில் தொட்டுப் பார்த்துவிட்டு, "உள்ள கட்டியிருக்குப்பா. கழத்திச் சொரண்டு," என்பார்.

"நல்லாத்தானண்ணே ஓடுது?"

"ஓடுறப்பத்தான்யா சொரண்டணும். நின்ன பெறகு என்னத்தச் சொரண்டுவ?"

இதைச் சொன்ன பிறகுதான் டீ கிளாஸை வாங்குவார். மாஸ்டர் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். நானும் சிரிப்பேன். அவரோடு போனால் எனக்கு எப்போதும் கொஞ்சம் மானக்கேடாகத்தான் இருக்கும்.

நாங்கள் அவரைப் பைப்பண்ணன் என்று கூப்பிட்டோம். ராசிங்காபுரத்துக்காரர். இளவயதில் வடக்கே குஜராத் பக்கம் எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்த்தவர். அங்கிருந்து ஏன் வந்தார் என்று கேட்டால், "குளிரு ஒத்துக்கல," என்பார். ஒத்துக்கொள்ளாதவர் போடிமெட்டுக்கு மேலே வந்து, வருசம் பூராவும் மஞ்சு மூடிக் கிடக்கும் ஏலத்தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அதை நான் ஒருமுறை கேட்டேன். "ஒனக்கு சோலி இல்லையா?" என்று திருப்பிக் கேட்டார்.

அந்தத் தோட்டத்தின் ஸ்டோருக்கு அப்போது நான்தான் பொறுப்பு. எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்தாறு வயது. பறித்த ஏலக்காயைச் சூட்டில் உலர்த்தும் கட்டடத்துக்குத்தான் ஸ்டோர் என்று பெயர். பச்சைக் காயை அன்றன்றே சூட்டில் போட்டுவிட வேண்டும். ஒருநாள் தவறினால் குவியல் தானாகவே வெதுவெதுவென்று வேக ஆரம்பிக்கும், நிறம் போய்விடும், நாற்றம் எடுக்கும். அதுவரை விறகுதான் எரித்தோம். காட்டிலாகாவின் கெடுபிடி கூடியதும், முதலாளி எண்ணெயில் எரியும் அடுப்பு ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். அதற்கு ஊற்றும் கறுப்பு எண்ணெய்க்கு வேறு ஏதோ பெயர் உண்டு. நாங்கள் எல்லோரும் குருடாயில் என்றுதான் சொல்லுவோம். விலை மலிவு என்பதால் முதலாளி வாங்கினார். மலிவு ஏன் என்பது மேலே வந்த பிறகுதான் தெரிந்தது. போடியில் தண்ணீராக இருந்த எண்ணெய், மலை ஏறி இறக்கிவைத்த மறுநாள் காலையில் பீப்பாய்க்குள் களிபோல் இறுகிக் கிடந்தது. குச்சியை நட்டால் நின்றது.

அந்த எண்ணெயின் குணம் தெரிந்த ஆள் போடி வட்டாரத்திலேயே இவர் ஒருவர்தான். முதலாளி ஜீப்பு அனுப்பிக் கூட்டிவந்தார்.

வந்த அன்றே பீப்பாயில் விரலை விட்டு எடுத்து மோந்து பார்த்தார். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து உருட்டினார். "மெழுகு," என்றார். அந்த ஒரு சொல்லை அவர் சொன்ன விதம், பிடிக்காத சொந்தக்காரன் பெயரைச் சொல்வதுபோல இருந்தது.

கட்டடத்துக்குப் பின்னாலிருந்த பாறைமேல் தொட்டி. தொட்டியிலிருந்து அடுப்புக்கு அறுபதடி இரும்புக் குழாய். பெண்கள் உட்கார்ந்து காய் பொறுக்கும் அறையின் வெளிச்சுவரை ஒட்டியே அது வரும். தொட்டிக்குக் கீழே கங்கு போட்டு எண்ணெயை இளக்குவார். குழாய் நெடுகச் சாக்குச் சுற்றி, அதன் மேல் சாணி பூசிவைத்திருந்தார். எண்ணெய் சூடாக ஓடிக்கொண்டிருக்கும் வரை ஒரு தொந்தரவும் இல்லை. ஆனாலும் சனிக்கிழமை மத்தியானம் அடுப்பை நிறுத்தச் சொல்லிவிடுவார். இரண்டு முனையையும் கழற்றி, கம்பியில் துணிப்பந்து கட்டி உள்ளே விட்டு இழுப்பார். கறுப்பு மெழுகு சுருள் சுருளாக வந்து விழும். பிறகு மண்ணெண்ணெய் விட்டுக் கழுவுவார். இரண்டு மணி நேரம் போகும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"வாராவாரம் இது தேவையா அண்ணே? காய் நிறம் மாறுது."

"கெணத்துல நாங்க தெனம் சொரண்டுவோம் அப்பு."

பிறகு ஆரம்பித்துவிடுவார். அவர் நீளமாகப் பேசுவது அந்த ஒரு விசயத்தைப் பற்றித்தான்.

"பூமிக்குள்ள எண்ணெ சூடாத்தான் கெடக்கு. மேல வர வர ஆறும். ஆற ஆற மெழுகு பிரிஞ்சு குழாயிச் செவுத்துல ஒட்டும். இன்னைக்கி ஒரு நூல் கனம். நாளைக்கி இன்னொரு நூல். மேல பாத்தா எண்ணெ வந்துக்கிட்டேதான் இருக்கும், ஒண்ணும் தெரியாது. கம்பியில கத்தியக் கட்டி உள்ள எறக்கணும், தெனம் எறக்கணும். ஒரு நா லீவு போட்டுட்டா மறுநா கத்தி எறங்காது. பெறகு கெணறு செத்த கெணறுதான்."

ஒரு பால்பவுடர் டப்பாவில் அந்தக் கிணற்று மெழுகு கொஞ்சம் வைத்திருந்தார். பழைய வெல்லம்போலப் பழுப்பாக இருக்கும். எதற்கு வைத்திருக்கிறார் என்று தெரியாது. எதற்கும் எடுத்து அவர் பயன்படுத்தியதில்லை.

ஒரு மார்கழியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் மலையில் தேங்காயெண்ணெய் போத்தலோடு உறைந்துவிடும். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் எல்லா வீட்டிலும் ஒரே வழக்கம்தான். விடிந்ததும் போத்தலை அடுப்புச் சாம்பலில் வயிறு புதைய வைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் இளகும். எடுத்துத் தலைக்குத் தேய்ப்பார்கள். காய் பொறுக்கும் சின்னத்தாயி, புருசனை இழந்து இரண்டு பெண் பிள்ளைகளோடு லயத்தில் ஓர் அறையில் இருந்தவள், ஒருநாள் தன் போத்தலை ஸ்டோர் அடுப்புச் சாம்பலில் கொண்டுவந்து வைத்தாள். இவர் பாய்ந்து வந்து பிடுங்கினார். சாம்பல் பறந்து காய்த் தட்டில் விழுந்தது.

"மூடியத் தொற. மொத கழுத்துல காட்டு. வழிய விட்டுட்டுத்தான் வயித்துல சூடு காட்டணும்."

"அண்ணே, எங்க ஆத்தா காலத்துலருந்து இப்படித்தான் வைக்கிறோம். ஒரு போத்தலும் வெடிக்கல," என்றாள் அவள்.

பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் இன்னும் பலமாகச் சிரித்தேன். அவர் போத்தலின் கழுத்தைக் கங்கின் மேல் சாய்த்துப் பிடித்து, வாயருகில் இளகி ஒரு சொட்டு விழுந்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக அடிப்பக்கம் இறக்கினார். முழுக்க இளகும் வரை போத்தலை அவளிடம் கொடுக்கவில்லை. கோட்டி பிடித்தவர் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு கோட்டிக்காரத்தனமும் அவரிடம் உண்டு. அவருடைய தங்கையைக் கோம்பையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். போடியிலிருந்து ராசிங்காபுரம், தேவாரம் வழியாக நேரே ஒரு பஸ்சில் போய் இறங்கலாம். இவர் தேனிக்குப் போய், அங்கிருந்து உத்தமபாளையம் போய், அங்கிருந்து கோம்பைக்குப் போவார். அரை நாள் சுற்று. தேவாரத்தில் யாரிடமாவது கைமாற்று வாங்கி ஏமாற்றியிருப்பார் என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம்.

எனக்கு அவர் விதித்தது இரண்டே கட்டளை. ஒன்று, அவர் இல்லாதபோது அடுப்பு அணையக் கூடாது. இரண்டாவதை அடிக்கடி சொல்லுவார்.

"தப்பித்தவறி அணைஞ்சு குழாய் உறைஞ்சு போச்சுன்னா, நான் வர்ற வரைக்கும் தொடாத. எது செஞ்சாலும் நடுவுல தீ வைக்காத."

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கிணற்றுக் கதையை ஆரம்பிப்பாரே என்ற சலிப்புதான்.

அடுத்த மார்கழியில் அடுப்புக்கு ஏதோ உதிரிப்பாகம் வாங்க அவர் போடிக்கு இறங்கினார். அன்று மாலையே திரும்ப வேண்டியவர், மலைப்பாதையில் மஞ்சு இறங்கி வண்டிகள் நின்றுவிட்டதால் வரவில்லை. நான் அடுப்பைப் பார்த்துக்கொள்ள உட்கார்ந்தவன் கண் அசந்துவிட்டேன். விடிந்து எழுந்தபோது அடுப்பு செத்துக் கிடந்தது. தொட்டிக்குக் கீழே கங்கும் சாம்பலாகியிருந்தது. குழாயை உள்ளங்கையால் தொட்டேன். பாம்பைத் தொட்டதுபோல் இருந்தது.

முந்தின நாள் பறித்த காய் குவியலாகக் கிடந்தது. கையை உள்ளே விட்டால் வெதுவெதுவென்றிருந்தது, நாற்றம் லேசாக ஆரம்பித்துவிட்டது. மத்தியானம் முதலாளி வருகிறார். தூங்கிவிட்டேன் என்று அவரிடம் சொன்னால் அன்றோடு என் வேலை போகும். எனக்கு அப்போது தெரிந்தது அவ்வளவுதான். குழாய் உறைந்தால் என்ன, தேங்காயெண்ணெய் போத்தல் உறைவதில்லையா? லயத்து வீடுகளில் போய் அடுப்புக் கங்கை இரும்புச் சட்டியில் வாரிக்கொண்டு வந்தேன். குழாயின் நடு வயிற்றுக்குக் கீழே நீளமாகக் கொட்டி, சாம்பலால் அணை கட்டினேன். எண்ணெய் இளகிக் கொட்டிவிடக் கூடாதே என்ற புத்திசாலித்தனத்தில் இரண்டு முனைத் திருகையும் இறுக்கி மூடினேன். சுவருக்கு அந்தப் பக்கம் பதினாலு பெண்கள் உட்கார்ந்து காய் பொறுக்க ஆரம்பித்திருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் சாக்கு கருகும் வாடை வந்தது. குழாய்க்குள் முதலில் முணுமுணுப்பு மாதிரி ஒரு சத்தம், பிறகு டிக், டிக் என்று இரும்பு முறுகும் சத்தம். இளகுகிறது என்று எனக்குச் சந்தோசம்.

அப்போதுதான் மஞ்சுக்குள்ளிருந்து அவர் வந்தார். ஜீப்பு கிடைக்காமல் போடிமெட்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். வாடையை மோந்ததும் நின்றார். நான் அவரை அப்படி ஒரு குரலில் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பிறகும் கேட்டதில்லை.

"வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்க! வெரசா!"

பெண்கள் பதறி ஓடிவந்தார்கள். சின்னத்தாயி கடைசியாக வந்தாள். பிடித்திருந்த முறத்தைக்கூடக் கீழே போடவில்லை. அவர் என்னைத் தாண்டி ஓடினார். மண்வெட்டி தேட நேரமில்லை. முழங்கை வரை இரண்டு கையையும் கொடுத்துக் கங்கை வாரித் தள்ளினார். பாதிக்கு மேல் தள்ளிவிட்டார். நான் நின்றுகொண்டிருந்தேன். எத்தனை வருசமானாலும் இதைக் கூச்சமில்லாமல் எழுத முடியவில்லை. நான் அசையாமல் நின்றுகொண்டிருந்தேன்.

நடு இணைப்பு தெறித்தது. சத்தம் வெடிபோலக்கூட இல்லை, பெரிய மூட்டையைக் கீழே போட்டதுபோலத்தான் இருந்தது. சூட்டு எண்ணெய் அவர் கைகள் மேலும் சுவரின் மேலும் பீய்ச்சியது. மிச்சமிருந்த கங்கில் விழுந்து பற்றியது. ஜன்னல் சட்டம் எரிந்தது. அந்த ஜன்னலுக்கு உள்பக்கம்தான் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கொரு பக்கமாக மண்ணை வாரிப் போட்டு அணைத்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அவரைத் தவிர.

தோட்டத்துக் கம்பவுண்டர் வந்து அவருடைய கைகளுக்கு மருந்து போட்டுத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். மேஸ்திரி என்னிடம் வந்து, "யாருய்யா தீ வச்சது?" என்று கேட்டார். யோசிக்கக்கூட இல்லை. வாயில் தயாராக இருந்ததுபோல வந்தது.

"சின்னத்தாயிதான். போத்தலுக்கு வைக்கிற மாதிரி வச்சிட்டா."

யாரும் சந்தேகப்படவில்லை. அவள் அடுப்புச் சாம்பலில் போத்தல் வைத்த கதை தோட்டம் முழுக்கத் தெரியும். மேஸ்திரி நேரே லயத்துக்குப் போனார். சாயங்காலத்துக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார், அவள் அழும் சத்தம் ஸ்டோர் வரைக்கும் கேட்டது.

கம்பவுண்டர் போன பிறகு பைப்பண்ணன் என்னைக் கூப்பிட்டார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ரெண்டு திருகையும் மூடியிருந்துச்சு. சின்னத்தாயிக்குத் திருகு எங்க இருக்குன்னே தெரியாது."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நானும் அன்னைக்கி இதத்தான் சொன்னேன்," என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். வடக்கே அவரும் தேவாரத்துக்காரர் ஒருவரும் ஒரே அறை, ஒரே வேலை. ஊரிலிருந்து சேர்ந்து போனவர்கள். ஒரு குளிர்காலக் காலையில், கிணற்றிலிருந்து தொட்டிக்குப் போகும் குழாய் உறைந்துவிட்டது. மேலதிகாரி அவசரப்படுத்தினார். முனையைத் திறந்துவிட்டு, அங்கிருந்துதான் சூடு காட்டிக்கொண்டு வர வேண்டும் என்று இருவருக்கும் தெரியும். அதற்கு அரை நாள் ஆகும்.

"இருடா, நான் போயி முனையத் தொறக்குறேன், பெறகு வையின்னு சொல்லிட்டுப் போனான். நான் கேக்கல. நடுவுல வச்சேன். அவன் முனைக்கிப் போயிச் சேருறதுக்குள்ள குழாய் தெறிச்சுப் போயிருச்சு. நடுவுல இளகுனது விரியும்டா. ரெண்டு பக்கமும் உறைஞ்சு கெடந்தா அது எங்க போகும்? சாகுற வரைக்கும் ரெண்டு நாள் ஆசுபத்திரியில கெடந்தான். யாரு தீ வச்சதுன்னு கேட்டாக. அவன் பேசுற நெலமையில இல்ல. அவன்தான்னு சொல்லிட்டேன்."

வெளியே மஞ்சு விலகிக்கொண்டிருந்தது. கீழே வளைவில் ஜீப்பின் சத்தம் கேட்டது. முதலாளியுடையதுதான்.

"அந்தா வர்றாரு. இப்பவே போயிச் சொல்லு. சொல்லாம விட்டது எனக்குள்ள பதினோரு வருசமா உறைஞ்சு கெடக்கு, நகரல."

எனக்குக் கோபம்தான் வந்தது. உண்மையைச் சொன்னால் அதுதான். உன் பாவத்துக்கு நான் ஏன் வேலையை இழக்க வேண்டும் என்று மனதுக்குள் திட்டினேன். எழுந்து வாசலுக்குப் போனேன். லயத்துப் பக்கம் சின்னத்தாயி சாக்கில் பாத்திரங்களைப் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். சின்னப் பெண் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஜீப்பு வந்து நின்றது. முதலாளி இறங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

"அடுப்பு அணைஞ்சது என்னால. தீ வச்சதும் நான்தான். சின்னத்தாயி இல்ல."

முதலாளி கரிந்த சுவரைப் பார்த்தார், காய்க் குவியலைப் பார்த்தார். "இப்பவே வண்டியில ஏறு. அவரையும் ஏத்து. ஆசுபத்திரியில விட்டுட்டு அப்படியே ஒன் வீட்டுக்குப் போ. திரும்பி வராத," என்றார். ஜீப்பு திரும்பும்போது சின்னத்தாயி சாக்கின் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் அவள் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

போடி ஆஸ்பத்திரியில் அவர் ஒன்பது நாள் இருந்தார். எனக்கும் வேலை இல்லை, தினமும் போனேன். சோற்றை நான்தான் ஊட்டினேன். அந்த மலையில் நடந்தது எதையும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் குளுக்கோஸ் ஏற்றும் ஆள் வந்தால் மட்டும், "அந்தக் குழாயப் பாரு, சரியா எறங்குதா," என்பார்.

வெளியே விட்ட அன்று பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிவந்தேன். ராசிங்காபுரத்துக்குத்தானே என்று பஸ்சில் ஏற்றினேன். இரண்டு கையிலும் கட்டு. கம்பியைப் பிடிக்க முடியாதே என்று நானும் ஏறி, அவர் ஊருக்கு இரண்டு டிக்கெட் கேட்டேன்.

"தேவாரத்துக்கு எடு," என்றார்.

ராசிங்காபுரம் வந்தது, போனது. அவர் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேவாரத்தில் இறங்கியதும் யாரிடமும் வழி கேட்கவில்லை. இத்தனை வருசமாக மனதுக்குள்ளேயே நடந்து பழகிய வழிபோல நடந்தார். தெருக்கோடியில் ஓர் ஓட்டுவீடு. வாசலில் ஒரு பெண் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வாங்கண்ணே," என்றாள். ஆள் அடையாளம் தெரிந்துவிட்டது.

அவர் நின்றபடியே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. என்னிடம் சொன்னதைவிடச் சுருக்கமாகச் சொன்னார். கேட்டு முடித்ததும் அவள் கடலை முறத்தைத் தள்ளிவைத்தாள். அழவில்லை.

"எனக்குத் தெரியும்ணே. சின்ன வயசுல கூரை எரிஞ்சதப் பாத்தவரு. தீக்குச்சியே உரசமாட்டாரு. எங்க வீட்டுல வெளக்குப் பொருத்துறது நான்தான். அவரு தீ வச்சிருக்க மாட்டாருன்னு அன்னைக்கே ஊருக்குச் சொன்னேன். கம்பெனிக் கடுதாசியில அப்படித்தான போட்டிருக்குன்னுட்டாக. எம்மகன இன்னைக்கி வரைக்கும் தீவச்சான் மகன்னுதான் கூப்புடுறாக. அவனும் அப்பனை முட்டாப்பயன்னுதான் நெனச்சிக்கிட்டிருக்கான். என்கிட்டச் சொல்லி என்னண்ணே ஆகுது? அவன் வருவான். அவன்கிட்டச் சொல்லுங்க."

காத்திருந்தோம். அவள் காப்பி கொடுத்தாள். எனக்கு மட்டும்தான் கொடுத்தாள். பொழுது சாய ஆரம்பித்தபோது மகன் மண்வெட்டியோடு வந்தான். வாட்டசாட்டமான ஆள், இருபது வயதுக்கு மேல் இருக்கும். கட்டுப் போட்ட கைகளைப் பார்த்துவிட்டு, "யாரும்மா?" என்றான்.

பைப்பண்ணன் எழுந்தார். கும்பிடப் பார்த்தார், கைகள் சேரவில்லை.

"ஒங்கப்பன்கூட வடக்க வேல பாத்தவன் அப்பு. தீ வச்சது நான்தான். ஒங்கப்பன் வேணாம்னான், நான் கேக்கல. பெறகு அவன் மேல சொல்லிட்டேன்."

மண்வெட்டி அவன் தோளில்தான் இருந்தது. நான் ஓரடி முன்னால் வந்தேன். அவன் அதை மெதுவாக இறக்கிச் சுவரில் சாத்தினான்.

"இத மந்தையில வந்து ஊருக்கு முன்னால சொல்லுவீகளா?"

"சொல்றேன்."

அவன் முன்னால் போக, அவர் பின்னால் நடந்தார். நானும் அந்தப் பெண்ணும் அவர்களுக்குப் பின்னால் போனோம். மந்தை வரைக்கும் தெருவில் இரண்டு பக்கமும் இருபது வீடாவது இருக்கும். எல்லா வாசலிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வீட்டு வாசலில் ஒரு பெரியவர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். மகன் நிற்காமல் தாண்டிப் போய்விட்டான்.

பைப்பண்ணன் அங்கேயே நின்றார்.

"ஐயா," என்று கூப்பிட்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.